ஆயிரத்தைந்நூறு யூரோச் சத்தமும் ஓசிச் சத்தமும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். பலெர்மோவில் பல்லறோச் சந்தைக்குப் பின்னால், நாலாம் மாடி. லிஃப்ற் கிடையாது. மூச்சு வாங்க வாங்க ஏறிப்போய்க் கதவைத் திறந்தால், முன்னறையில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு கறுப்பு அலுமாரி நிற்கிறது. கிட்டப் போய்ப் பார்த்தால் அலுமாரி இல்லை. நாலு ஸ்பீக்கர் போட்ட பெட்டி, அதற்கு மேலே நூறு வாற் வால்வு அம்பிளிபயர். அதற்கும் மேலே அக்கா மேசைவிரிப்பு விரித்து, பிள்ளையாரையும் சாந்தா றொசாலியாவையும் பக்கத்தில் பக்கத்தில் இருத்தி, ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடியும் வைத்திருந்தா. பலெர்மோத் தமிழருக்கு இந்தச் சோடி புதிதல்ல. ஞாயிறு காலையில் பெல்லெகிறீனோ மலைக்கு நடந்து ஏறுகிறவர்களில் சைவக்காரர் எத்தனை பேர் என்று ஒருக்கால் போய் எண்ணிப் பாருங்கள். எனக்குப் புதிதாக இருந்தது தெய்வங்களுக்குக் கீழே இருந்த பீடம்தான்.

மருமகனுக்குப் பத்தொன்பது வயது. பெடியன் மூன்று வருசமாக ஹெவி மெற்றல் கிற்றார் வாசிக்கிறான், உண்மையாகவே நன்றாக வாசிக்கிறான். பெட்டியின் விலை ஆயிரத்தைந்நூறு யூரோ. இருபத்துநாலு மாதத் தவணை. மாதம் அறுபத்திரண்டரை யூரோ. அக்காவுக்கு வீடு துடைக்க மணித்தியாலத்துக்கு எட்டு யூரோ கிடைக்கிறது. கணக்கு நீங்களே போடுங்கள். இரண்டு வருசத்துக்கு ஒவ்வொரு மாதமும் எட்டு மணித்தியாலம் அவ யாரோ ஒருவரின் மாபிள் படியைத் துடைப்பது இந்தப் பெட்டிக்காக.

“மாமா, நீங்கள் கொம்பியூட்டரிலை வாசிக்கிறது பொம்மைச் சாமான். இதுதான் ஒறிஜினல்.”

“அப்ப போட்டுக் காட்டன், கேப்பம்.”

பெடியன் மணிக்கூட்டைப் பார்த்தான். பின்னேரம் மூன்று மணி. இந்த ஊரில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நாய்கூட அடக்கித்தான் குரைக்கும். குமிழை மயிரிழை அளவு திருகினான். யானை எறும்புக் குரலில் முனகியது. அதற்கே கீழ்வீட்டுக்காரி தும்புத்தடிப் பிடியால் முகட்டில் இரண்டு தரம் இடித்தாள். அக்கா குசினிக்குள் இருந்து “உதை நூரடா” என்றா. நூர்த்தான். கச்சேரி அவ்வளவுதான்.

நான் இதை எழுதுவது மருமகனைக் குறை சொல்ல அல்ல. அவனுடைய தலைக்குள் இந்த ‘ஒறிஜினல்’ என்ற பேயை ஏற்றிவிட்ட ஆட்களோடுதான் என் கொழுவல். வால்வு இல்லாவிட்டால் மெற்றல் இல்லை, மென்பொருளில் வாசிப்பவன் பாதிக் கிற்றார்காரன், அதிலும் இலவச மென்பொருள் என்றால் அவன் பிச்சைக்காரன் என்று உபதேசம் செய்கிற சாமியார்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் விற்கிறவர்கள். மீதிப்பேர் வாங்கி ஏமாந்துவிட்டு வெளியே சொல்ல வெட்கப்படுகிறவர்கள்.

முதலில் என் பழைய கதை ஒன்று.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் போனது. போனது போனதுதான், வருசக்கணக்காக இல்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட சாமான். அந்தக் காலத்தில் அங்கே இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வயர் இழுத்து றேடியோ கேட்டோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணரிடம், இசைக்கோஷ்டியில் வாசித்த காலத்து மின்சாரக் கிற்றார் ஒன்று தூசி பிடித்துக் கிடந்தது. அதை ஒரு கசற் றெக்கோடரின் மைக் துளைக்குள் செருகினோம். மைக் துளை தாங்கக்கூடிய அளவை விடக் கிற்றாரில் இருந்து வருகிற சிக்னல் பெரிது. ஆகவே சத்தம் உடைந்தது. கரகரவென்று, இரும்புத் தகரத்தை வாளால் அறுக்கிறமாதிரி. நான் டைனமோ சுற்றினேன். கை ஓய்ந்தால் சத்தம் தொய்ந்து பிறகு எழும்பும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

பதினைந்து வருசம் கழித்துத்தான் அறிந்தேன், அந்தத் தொய்வுக்கு ‘சாக்’ என்று ஒரு பெயர் உண்டென்று. வால்வு அம்பில் ஓங்கி அடிக்கும்போது மின்வழங்கல் ஒரு கணம் தளர்ந்து திரும்பி வருவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதற்காகவே ஆயிரக்கணக்கில் காசு கொடுக்கிறார்கள். எங்களுக்கு அது என் கை நோவில் இருந்து இலவசமாகவே வந்தது.

நான் சிரிப்புக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த இசையே இல்லாமையில் பிறந்தது. பர்மிங்காமில் உலோகத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்த ரொனி அயோமி, பதினேழு வயதில், வேலையின் கடைசி நாளன்று, இயந்திரத்தில் இரண்டு விரல் நுனிகளை இழந்தார். அவர் இடக்கைக்காரர். போனது நரம்பை அழுத்துகிற வலக்கை விரல்கள். பிளாஸ்ரிக் போத்தலை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு, மெல்லிய நரம்புகளைக் கட்டி வாசித்தார். பிளாக் சபாத்தின் முதலாவது இசைத்தட்டு 1969 ஒக்ரோபரில் ஒரே நாளில் பதிவாகி 1970 பெப்ரவரி 13இல் வெளிவந்தது. அவர் பாவித்த லேனி அம்பும் பர்மிங்காமிலேயே அப்போதுதான் தொடங்கியிருந்த ஒரு சின்னக் கொம்பனியின் சாமான். வீட்டுக்குப் பக்கத்தில் கிடைத்ததை எடுத்து வாசித்தார்கள். இன்றைக்கு அந்தச் சத்தத்தைக் கோயிலில் வைத்துப் பூட்டிவிட்டு, திறப்பு ஆயிரத்தைந்நூறு யூரோ என்கிறார்கள்.

இனி விசயத்துக்கு வருவோம். நானும் மருமகனும் மெற்றலில் காதல் கொண்டது எதைக் கேட்டு? எனக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது இங்கே. தொண்ணூறுகளில் ஒரு சிசிலிக்காரச் சிநேகிதன் கத்தானியாவின் ஸ்கிற்சோ இசைக்குழுவின் 1989ஆம் ஆண்டு இசைத்தட்டைக் கசற்றில் பதிந்து தந்தான். நான் கேட்டது அம்பை அல்ல. அம்பில் இருந்து ஸ்பீக்கர், ஸ்பீக்கர் முன்னால் மைக், மைக்கில் இருந்து நாடா, நாடாவில் இருந்து என் ஓட்டை வோக்மன். நாங்கள் எல்லோரும் காதலித்தது பதிவான சத்தத்தை. அறைக்குள் நிற்கிற அம்ப் அந்தச் சத்தத்தை ஒருநாளும் தராது. அது மைக் வைத்த பிறகுதான் வரும். அம்ப் மென்பொருள் செய்வது அந்தப் பதிவான சத்தத்தை நேரே ஹெட்போனுக்குள் கொண்டுவருவது. அப்படிப் பார்த்தால் எங்களுடைய ‘ஒறிஜினல்’ எது?

மெற்றலில் சத்தத்தின் குணத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது வால்வைவிட ஸ்பீக்கரும் மைக்கும்தான் என்பது என் வாதம். சந்தேகம் என்றால் இலவசமாகவே சோதிக்கலாம். எந்த அம்ப் மென்பொருளிலும் ஸ்பீக்கர் பகுதியை நிற்பாட்டிப் பாருங்கள். குளவிக்கூட்டுக்குக் கல்லெறிந்தமாதிரி இருக்கும். அதற்குப் பிறகு ‘இம்பல்ஸ் றெஸ்பொன்ஸ்’ என்கிற கோப்பு ஒன்றைப் போடுங்கள். உண்மையான ஸ்பீக்கர் பெட்டி ஒன்று, உண்மையான மைக் ஒன்றின் முன்னால் எப்படி முழங்கியது என்பதன் அச்சு அது. ஒரு செக்கனிலும் குறைந்த நீளம். குளவி சட்டென்று பாறையாகும். செலெஸ்ரியன் விந்ரேஜ் 30 ஸ்பீக்கர் நாலு போட்ட பெட்டி, முன்னால் ஷுவர் எஸ்எம் 57 மைக்: எத்தனையோ மெற்றல் இசைத்தட்டுகளின் பாதை இதுதான். அந்த அச்சுகள் இணையத்தில் இலவசமாகக் கொட்டிக் கிடக்கின்றன. அம்பை மாற்றி மாற்றி மாரடிப்பதை விட்டுவிட்டு அச்சை மாற்றுங்கள்.

அந்த அச்சுகளை ஏற்ற ‘நாடிர்’ என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. இலவசம். செய்தவர்கள் இக்னைற் அம்ப்ஸ் என்ற இத்தாலியர்கள். அவர்களுடைய ‘எமிஸரி’ அம்பும் இலவசம். பழைய நிரோஷத்தோடு சொல்கிறேன், பத்து வருசத்துக்கு மேலாக நான் இதைத்தான் வாசிக்கிறேன். முன்னால் அவர்களுடைய பச்சைப் பெடல் ‘ரிஎஸ்-999’. அதில் டிறைவைப் பூச்சியத்துக்குக் குறைத்து, லெவலை முழுக்க ஏற்றுங்கள். சத்தத்தை உடைப்பதற்கல்ல, தாழ்ந்த சுரங்களின் கொழுப்பை வெட்டுவதற்கு. பலருக்கு இது தலைகீழாகத் தெரியும். செய்து பார்த்தால் விளங்கும். அம்பில் கெயினை நீங்கள் நினைப்பதிலும் பாதியாகக் குறையுங்கள். ஒரே வாசிப்பை இரண்டு தரம் பதிந்து ஒன்றை இடமும் ஒன்றை வலமும் போடுங்கள். அந்தப் பெரிய மதில்போன்ற சத்தம் இந்த இரட்டைப் பதிவில் இருந்துதான் வருகிறது. விலைச்சீட்டில் இருந்து அல்ல.

இத்தாலிக்காரர் என்றதும் மொடெனாவின் ஐகே மல்ரிமீடியாவையும் சொல்லவேண்டும். 2002இல் அம்ப்பிளிரியூப்பைக் கொண்டுவந்தவர்கள். அதில் இலவசப் பதிப்பும் உண்டு. ஆனால் திறந்தவுடன் பூட்டுப் போட்ட சாமான்களைக் காட்டிக் காட்டி ஆசை மூட்டும். எனக்குக் கண்ணாடிக்கு வெளியே நின்று நகைக்கடை பார்க்கிற உணர்வு வரும். அதனால் பாவிப்பதில்லை. பாவிக்கிறவர்கள் பாவிக்கட்டும்.

எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது நியூரல் அம்ப் மொடலர். ஸ்ரீவன் அற்கின்சன் என்பவர் எழுதித் திறந்த மூலமாகவே விட்டுவிட்டார். உண்மையான அம்ப் வைத்திருக்கிற ஒருவர் அதற்குள்ளால் ஒரு சோதனைச் சிக்னலை அனுப்பிப் பதிந்து கொடுத்தால், மென்பொருள் அந்த அம்பின் நடத்தையைக் கற்றுக்கொண்டு ஒரு சின்னக் கோப்பாகத் தருகிறது. ஒரு போட்டோவை விடச் சின்னக் கோப்பு. 1992இல் வந்த பீவி 5150ஆ, மேசா றெக்ரிஃபையரா, எதுவும் யாரோ ஒருவர் கற்பித்துப் பொதுவில் வைத்திருக்கிறார். ஒரு எச்சரிக்கை மட்டும்: சில கோப்புகள் அம்பை மட்டும் கற்றவை, சில ஸ்பீக்கர் மைக்கோடு சேர்த்துக் கற்றவை. இரண்டாவது வகைக்கு மேலும் ஒரு அச்சுப் போட்டால் கம்பளிக்குள்ளே இருந்து வருகிறமாதிரிக் கேட்கும். அதைக் கேட்டுவிட்டு “ஓசிச் சாமான் உப்பிடித்தான்” என்று தீர்ப்பெழுதினவர்களை எனக்குத் தெரியும்.

காசு செலவழிக்கவே வேண்டாமா? வேண்டும். கிற்றாரைக் கொம்பியூட்டருக்குள் கொண்டுபோகிற ஓடியோ இன்ரர்பேஸ் ஒன்று, ஐம்பதில் இருந்து நூற்றைம்பது யூரோவுக்குள். அதில் கிற்றாருக்கென்றே உள்ள துளையில் செருகவேண்டும். என் டைனமோக் காலத்து மைக் துளை வித்தை இங்கே வேண்டாம். புது நரம்பு. மூடிய ஹெட்போன். பதிவதற்கு ரீப்பர்: அறுபது நாள் பாவித்துப் பார்க்கலாம், பிறகு தனியாட்களுக்கு அறுபது டொலர். அந்த அறுபதை நான் கட்டினேன். கட்டாமலும் ஓடும், ஆனால் கட்டினேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

“தாமதம் வருமே” என்பது அடுத்த முட்டுக்கட்டை. வரும். நாற்பத்தெண்ணாயிரம் ஹேட்ஸில் 128 மாதிரிகள் என்றால் மூன்று மில்லிசெக்கனிலும் குறைவு. போய்த் திரும்பி எல்லாம் சேர்த்தாலும் ஒழுங்கான இன்ரர்பேஸில் பத்துக்கு முன்பின். காற்றில் சத்தம் செக்கனுக்கு 343 மீற்றர் போகிறது. அம்புக்கு மூன்று மீற்றர் தள்ளி நின்று வாசிக்கிற மேடைக் கலைஞனுக்கு ஒன்பது மில்லிசெக்கன் பிந்தித்தான் தன் சத்தம் கேட்கிறது. அவன் முறைப்பாடு செய்வதில்லை. மேடை என்றதும் இன்னொன்று: ஸ்வீடனின் மெஷுகாக் குழு 2005இல் தன் இசைத்தட்டின் கிற்றார்களை லைன் 6 கொம்பனியின் டிஜிற்றல் அம்புகளால் பதிந்தது. அதைக் கேட்டு ஒருவரும் பொம்மைச் சாமான் என்று சொன்னதாக நான் அறியேன்.

வால்வு அம்பில் ஒன்றுமில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரு பெரிய மண்டபத்தில், அதைத் திறந்துவிட்டால், நெஞ்சாங்கூடு அதிரும், கால்சட்டை படபடக்கும். அந்தச் சுகத்துக்கு மாற்று இல்லை. ஆனால் அதற்கு மண்டபம் வேண்டும். அல்லது தனி வீடும் செவிட்டு அயலும் வேண்டும். எங்கள் சனத்தில் எத்தனை பேருக்கு இந்த ஊரில் அது வாய்த்திருக்கிறது? நாலாம் மாடியில் நூறு வாற் வாங்குவது, கல்யாணத்துக்குக் கடன்பட்டு மண்டபம் பிடித்துவிட்டு அடுத்த மூன்று வருசம் வட்டி கட்டுகிற அதே வருத்தம். நாங்கள் பிள்ளைகளுக்கு நகையில் பழக்கியதை அவர்கள் கிற்றாரில் செய்கிறார்கள். தாய் வீடு துடைக்கிறா என்று பள்ளிக்கூடத்தில் கேட்ட பெடியனுக்கு, ஒன்றாவது ‘ஒறிஜினலாக’ இருக்கவேண்டும் என்ற அவா வராதா? எனக்கு விளங்குகிறது. 2002 சனாத்தோரியாவில் விசா கிடைத்த கையோடு நான் முதல் வாங்கிய சாமானும் ஒரு அம்ப்தான். இரண்டு மாதச் சம்பளம். ஊரில் அம்மாவுக்கு வருத்தம் என்றதும் அரை விலைக்கு விற்றேன்.

இப்போது அந்த அறுபது டொலர். மருமகன் பெட்டி வாய் திறக்க முடியாத நிலையில் ஒரு களவு மென்பொருளைத் தரவிறக்கியிருக்கிறான். நூறு யூரோவுக்கு மேல் விலைபோகிற பேர்பெற்ற ஒன்று, பூட்டு உடைத்தது. அதோடு என்னென்ன வந்ததோ, மடிக்கணினி செத்துவிட்டது. பள்ளிக்கூடக் கடைசிச் சோதனைக்கு இரண்டு கிழமை இருக்க, எழுதி வைத்த கட்டுரையும் போச்சு. பத்து நாள் இரவிரவாகத் திரும்ப எழுதினான். நான் அவனை ஏசவில்லை, ஏச எனக்கு முகமில்லை. இரண்டாயிரங்களில் எங்கள் கொம்பியூட்டர்களில் இருந்தது அத்தனையும் உடைத்த பூட்டுத்தான், நானே அதில் ஒரு கெட்டிக்காரன். ஆனால் அன்றைக்கு மாற்று இல்லை என்று ஒரு சாட்டு இருந்தது. இன்றைக்குத் தங்கள் உழைப்பை விரும்பியே கையில் தருகிறவர்கள் இருக்கும்போது, அடுத்த கதவை உடைப்பது வெறும் விசர்த்தனம். விலைக்குத்தான் வேண்டும் என்றால் நியூரல் டிஎஸ்பிக்காரர் பதினாலு நாள் பாவித்துப் பார்க்க விடுகிறார்கள். நவம்பர் மலிவு விற்பனை வரும்வரை பொறுத்திருந்து வாங்கலாம். நல்ல சாமான். இல்லையென்று சொல்லமாட்டேன்.

மறுபக்கம் எங்கள் பெரியவர்கள். “உந்தக் காட்டுக் கத்தலுக்கு ஏன் ஒரு மென்பொருள், வாளியில் தட்டினால் காணாதே” என்று அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு ஐயா கேட்டார். ஐயா, திருவிழாவில் நாலு தவில் சமா வைத்து விடியும்வரை முழங்கினபோது நீங்கள் காதைப் பொத்தினீர்களா? தெட்சணாமூர்த்தியின் தவிலுக்கு வாய்பிளந்த ஊரில் பிறந்த பிள்ளைக்கு இரட்டை மத்தள வேகம் பிடிக்காமல் வேறென்ன பிடிக்கும்? சிங்கப்பூரில் 1992இல் தொடங்கிய ருத்ரா என்ற குழு வேதாந்தத்தை மெற்றலில் உறுமிக்கொண்டிருக்கிறது. அவர்களிடம் போய் வாளியைக் கொடுங்கள்.

போன கிழமை என் இன்ரர்பேஸைப் பையில் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குத் திரும்பப் போனேன். கீழ்வீட்டுக்காரி மீன் வாங்கப் பல்லறோவுக்கு இறங்கிய இருபது நிமிசத்துக்குள் பெட்டிக்கு முன்னால் மைக் வைத்து இரண்டாம் இலக்கத்தில் பதிந்தோம். அதே வாசிப்பை நியூரல் டிஎஸ்பியின் பதினாலு நாள் ஓசியிலும், என் முழு ஓசியிலும் ஓடவிட்டோம். பெயரை மறைத்து மூன்றையும் போட்டேன். பெடியன் கண்ணை மூடிக் கேட்டான். முதலாம் இடம் காசுச் சாமானுக்கு. இரண்டாம் இடம் ஓசிக்கு. பெட்டி கடைசி.

“மாமா, அது சத்தம் குறைச்சு வைச்சதாலை.”

“ஓம்.”

“முழுக்கத் திறந்தா வேறமாதிரி இருக்கும்.”

“ஓம், இருக்கும். எப்ப திறக்கப் போறாய்?”

அவன் மறுமொழி சொல்லவில்லை. இன்னும் பதினாறு தவணை இருக்கிறது. விற்றால் அரை விலைதான் வரும் என்று என் அனுபவத்தைச் சொன்னேன். அக்கா விற்கவேண்டாம் என்கிறா. விளக்கு வைக்க உயரம் சரியாக இருக்கிறதாம்.

நேற்று இரவு பதினொன்றரைக்குத் தொலைபேசி எடுத்தான். ஹெட்போன் வயர் கட்டில்வரை எட்டவில்லையாம், நீட்டுவதற்கு வயர் என்னிடம் இருக்கிறதா என்று கேட்டான். பின்னணியில் அக்காவின் குறட்டை கேட்டது.